முறிந்த எலும்பும் கரண்டும் ஊசியும்

(நோட்டன் பிரிட்ஜில் தோட்டக் குடும்பங்களுக்காக நடத்திய சுகாதாரக் கூட்டத்தில் எமது நலன்புரிக் குழு ஆற்றிய உரை)



மழை பெய்தால் நம்ம மலைப் பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதுகில் கொழுந்துக் கூடை, காலடியில் வழுக்கும் மண், பக்கத்தில் கான். ஒரு அடி தவறினால் கையை ஊன்றி விழுவோம், மணிக்கட்டு முறியும். இல்லாவிட்டால் கால் மடங்கி முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முறியும். வயதான ஆத்தாமார் லயத்து வாசலில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு உடையும். எலும்பு உடைவது ஒருவருக்குத்தான். ஆனால் அன்றைக்கே அந்த வீட்டில் ஒரு பேர் நின்று போகிறது. எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டால் அந்த ஆள் மறுபடி செங்குத்தான மலைக்கு ஏறவே முடியாமல் போகலாம்.

அதனால் எலும்பு சீக்கிரம் கூட என்ன வழி என்று எல்லோரும் கேட்கிறார்கள். "கரண்ட் வச்சா எலும்பு சீக்கிரம் பொருந்துமாமே?", "அக்குபங்சர் ஊசி குத்தினா கட்டே தேவையில்லையாமே?" இந்த இரண்டு கேள்விக்கும் நாங்கள் முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறோம். கரண்ட் சிகிச்சை உண்மையில் இருக்கிறது. அது பொருந்தாமல் அடம்பிடிக்கும் எலும்புக்கு ஒரு துணை. அக்குபங்சர் வலிக்கு உதவலாம். ஆனால் இந்த இரண்டாலும் கோணலாக நிற்கும் எலும்பை நேராக்க முடியாது. நேராக்கி, அசையாமல் கட்டுகிற வேலைக்கு மாற்று எதுவுமில்லை. ஏன் அப்படி என்பதை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எலும்பு எப்படிக் கூடுகிறது?

எலும்பு உயிருள்ள பொருள். அதற்குள் இரத்தம் ஓடுகிறது. முறிந்த உடனே அந்த இடத்தில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாகிறது. அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் அங்கே குருத்தெலும்பு போல மெதுவான ஒரு பாலம் உருவாகிறது. பிறகு அதில் சுண்ணச்சத்து ஏறி, 6 முதல் 12 வாரத்துக்குள் பாலம் இறுகுகிறது. அதற்குப் பிறகும் பல மாதங்கள், சில வேளை வருடக்கணக்கில், உடம்பு அந்த இடத்தைச் செதுக்கிச் சீராக்குகிறது.

சின்னப் புள்ளைகளுக்கு இது சீக்கிரம் நடக்கும். பெரியவர்களுக்கு மணிக்கட்டு கூட ஆறு வாரம் அளவில் ஆகும். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்புக்கு மூன்று நான்கு மாதம், அதற்கு மேலும் ஆகலாம். கொழுந்து கிள்ளிய இடத்தில் மறுபடி துளிர் வர நாள் எடுப்பது போலத்தான் இதுவும். நாம் அவசரப்படுவதால் அது முந்தி வராது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முறிந்த எலும்புகளில் பெரும்பாலானவை, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், நேராக நிறுத்தி அசையாமல் வைத்தால் தாமாகவே கூடிவிடும். அதனால் என்ன ஆகிறது? எண்ணெய் பூசியவருக்கும் எலும்பு கூடுகிறது, மந்திரித்தவருக்கும் கூடுகிறது, கரண்ட் வைத்தவருக்கும் கூடுகிறது. கடைசியாக யார் கை வைத்தாரோ அவருக்குப் பெயர் கிடைக்கிறது! ஒரு சிகிச்சை உண்மையிலேயே வேலை செய்ததா என்று அறிய, "எங்க சித்தப்பாவுக்கு சுகமாச்சு" என்ற ஒரு பேச்சு போதாது. அதே மாதிரி முறிவுள்ள பலரில் சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கரண்ட் சிகிச்சை எங்கிருந்து வந்தது?

நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் நமக்குக் கரண்ட் புதிது அல்ல. நோட்டன் அணையின் தண்ணீர் 1950-ம் ஆண்டிலிருந்து பழைய லக்ஷபான மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. காசல்ரீ தண்ணீர் 1965-ம் ஆண்டு முதல் இங்கே விமலசுரேந்திர மின்நிலையத்தை ஓட்டுகிறது. ஆனால் எலும்புக்குள்ளும் ஒரு மிகச் சிறிய கரண்ட் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

ஜப்பானைச் சேர்ந்த ஃபுகாடா, யசுடா என்ற இருவர் 1957-ல் இதை எழுதி வெளியிட்டார்கள். எலும்பை வளைத்தால், அழுத்தினால் அதில் மெல்லிய மின்சாரம் பிறக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். நாம் நடக்கும்போதும் பாரம் தூக்கும்போதும் எலும்பு மயிரிழை அளவுக்கு வளைகிறது. எங்கே பலம் வேண்டும் என்று எலும்புச் செல்களுக்குச் சொல்லும் சைகைகளில் இந்த மின்சாரமும் ஒன்றாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். அப்படியானால் கூடாமல் நிற்கும் எலும்புக்கு வெளியிலிருந்து அந்தச் சைகையைக் கொடுத்தால் என்ன? அமெரிக்காவில் டொக்டர் பாசெட், டொக்டர் பிரைட்டன் போன்றவர்கள் இதை ஆராய்ந்தார்கள். 1979-ம் ஆண்டு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், கூடாமல் நிற்கும் எலும்புக்கு இத்தகைய கருவிகளைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது.

இதில் இரண்டு முறைகளைச் சொல்கிறோம். ஒன்றில் மெல்லிய கம்பியை ஒப்பரேஷன் மூலம் முறிவு இடத்தில் வைத்து ஒரு சின்ன பெட்டரியோடு இணைப்பார்கள். மற்றதில் உடம்பில் ஊசியே படாது. பிளாஸ்டர் கட்டுக்கு மேலே ஒரு கம்பிச் சுருளைப் பொருத்துவார்கள். அதில் காந்த சக்தி விட்டுவிட்டுத் துடிக்கும். அந்தத் துடிப்பு உள்ளே எலும்பில் சிறு மின்சாரத்தை உண்டாக்கும். மின்நிலையத்தில் காந்தம் சுழன்று கம்பிச் சுருளில் கரண்ட் பிறக்கிறதே, அதே விதிதான் இங்கேயும். சில கருவிகளை நாளுக்கு அரை மணி நேரமும், சிலவற்றைப் பல மணி நேரமும் மாதக்கணக்கில் வைக்க வேண்டும். ஒரு நாள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற காரியம் அல்ல.

எவ்வளவு கரண்ட்? உள்ளே வைக்கும் கம்பியில் ஓடுவது ஒரு அம்பியரை பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் வரும் பங்கில் சுமார் 20 பங்குதான். நம் காம்பராவில் எரியும் ஒரு 60 வாட்ஸ் பல்பில் ஓடும் கரண்ட் அதைப்போல ஏறக்குறைய 13,000 மடங்கு! அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறோம்: வீட்டுக் கரண்டிலோ, கார் பெட்டரியிலோ, யாரோ கட்டிக் கொடுத்த பெட்டியிலோ இதை முயற்சி செய்யவே கூடாது. எலும்பு கூடாது, ஆள்தான் போவார்.

பலன் எவ்வளவு?

இங்கிலாந்தில் 1990-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், கீழ்க்கால் எலும்பு கூடத் தாமதமான 45 முறிவுகளைப் பார்த்தார்கள். சிலருக்கு உண்மையான காந்தத் துடிப்புக் கருவி. மற்றவர்களுக்குப் பார்க்க அதே மாதிரி, ஆனால் வேலை செய்யாத கருவி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. 12 வாரத்துக்குப் பிறகு பார்த்தால் உண்மையான கருவி வைத்தவர்களில்தான் கூடுதலானவர்களுக்கு எலும்பு கூடத் தொடங்கியிருந்தது. ஆனால் உண்மையான கருவி வைத்த எல்லோருக்கும் கூடிவிடவில்லை.

2011-ல் இந்த மாதிரி நல்ல ஆய்வுகள் நான்கை, மொத்தம் 125 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், பலன் இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். 2016-ல் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எக்ஸ்ரேயில் கூடாமல் நிற்கும் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. வலியும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் கை கால் முன்போல இயங்குவதில் வித்தியாசம் தெரியவில்லை. அதே 2016-ல் ஒலி அலை கொடுக்கும் இன்னொரு வகைக் கருவியை, கீழ்க்கால் முறிந்து ஒப்பரேஷன் செய்த 501 பேரில் சோதித்தார்கள். அது எலும்பு கூடும் வேகத்தைக் கூட்டவில்லை. ஆகவே கருவி என்று சொன்னாலே பலன் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் நமக்குக் கிடைக்கும் பாடம் இதுதான். நேற்று முறிந்த எலும்புக்குக் கரண்டைத் தேடி அலைய வேண்டாம். கட்டி மாதங்கள் ஆகியும் கூடவில்லையா? ஒன்பது மாதம் ஆகி, கடைசி மூன்று மாதமாக எக்ஸ்ரேயில் ஒரு முன்னேற்றமும் இல்லாவிட்டால், அதை "கூடாத முறிவு" என்று சொல்வது ஒரு வழக்கு. அப்போதும் முதலில் எலும்பு வைத்திய நிபுணரைப் பாருங்கள். கூடாத காரணத்தை அவர் தேடுவார். எலும்பு அசைகிறதா, சீழ் பிடித்திருக்கிறதா, இரத்தம் போகவில்லையா, நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பார். அசையும் எலும்புக்குத் தகடும் ஆணியும் தேவைப்படலாம். பெரிய இடைவெளியைக் கரண்ட் நிரப்பாது. கருவி பொருத்தமா என்பதை அதற்குப் பிறகுதான் யோசிக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் வைத்தியரிடம் சொல்லாமல் இந்தக் கருவிகளுக்குப் பக்கத்தில் கூடப் போகக்கூடாது.

அக்குபங்சர் என்ன செய்யும்?

இலங்கையில் அக்குபங்சர் என்றதும் பலருக்கு நினைவு வருவது களுபோவில கொழும்பு தெற்கு வைத்தியசாலை. அங்கே டொக்டர் அன்ரன் ஜயசூரிய 1970-களிலிருந்து இந்தச் சிகிச்சையை நடத்தினார். மூட்டு வாத நோய்களைப் பார்த்த மேற்கத்திய வைத்தியர் அவர். அவரிடம் படிக்க வெளிநாடுகளிலிருந்தும் வைத்தியர்கள் வந்தார்கள். அவர் 2005-ல் காலமானார்.

முதுகு வலி, முழங்கால் வலி, தலைவலி போன்றவற்றுக்கு அக்குபங்சர் பலருக்கு ஆறுதல் தருகிறது. எலும்பு முறிந்து கட்டியிருக்கும் காலத்தில் வலிக்காகவும், கட்டு எடுத்த பிறகு விறைத்துப்போன மூட்டின் வலிக்காகவும் சிலர் இதை நாடுகிறார்கள். தேர்ச்சி பெற்றவர் செய்தால் அதில் தவறில்லை.

ஊசியில் கரண்ட் கொடுக்கும் முறையும் இருக்கிறது. குத்திய ஊசிகளில் கம்பியை மாட்டி மெல்லிய மின்சாரம் விடுவார்கள். ஜப்பானில் கால் எலும்பு முறிந்த எலிகளுக்கு இப்படிச் செய்து பார்த்ததில், எலும்பு கூடுவது விரைவுபட்டதாகச் சொன்னார்கள். நல்ல செய்திதான். ஆனால் எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. மனிதரில் முறிந்த எலும்பை ஊசி கூட்டுகிறது என்று உறுதியாக நம்புவதற்குப் போதிய ஆதாரம் இன்னும் வரவில்லை.

இங்கே ஒரு பெரிய ஆபத்தையும் சொல்ல வேண்டும். வலி போவது வேறு, எலும்பு கூடுவது வேறு. ஊசியால் வலி குறைந்ததும் "எனக்கு சுகமாயிடுச்சு" என்று கட்டைக் கழற்றி, காலை ஊன்றி மலைக்குப் போனால், மெதுவான பாலம் மறுபடி உடையும். எலும்பு கூடிவிட்டதா என்று சொல்ல வேண்டியது எக்ஸ்ரே படமும் வைத்தியரின் கையும். வலியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று, ஊசி எப்போதும் புதிதாக, உறையைக் கண் முன்னாலேயே உடைத்து எடுத்ததாக இருக்க வேண்டும். ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் ஈரல் அழற்சி போன்ற நோய்கள் தொற்றும். திறந்த காயத்தின் மேலும், சீழ் பிடித்த இடத்திலும் ஊசி குத்த விடாதீர்கள்.

வெதமாத்தையாவிடம் போகலாமா?

இதுவும் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. நம் நாட்டில் "கெடும் பிந்தும்" என்று சொல்லும் முறிவு வைத்தியம் பரம்பரை பரம்பரையாக வருகிறது. 1961-ம் ஆண்டின் 31-ம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் இந்த வைத்தியர்களைப் பதிவு செய்கிறார்கள். சுளுக்கு, சிறு வெடிப்பு போன்றவற்றில் கெட்டிக்காரர்கள் அவர்களில் இருக்கிறார்கள். நல்ல வைத்தியர், "முதலில் எக்ஸ்ரே எடுத்து வா" என்றுதான் சொல்வார். அப்படிச் சொல்லாதவரிடம் கவனமாக இருங்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால், மூட்டுக்குள் முறிந்தால், இடுப்பெலும்பு உடைந்தால், தாமதமே வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி.

முதல் மணி நேரம்

ஆள் விழுந்ததும் முறிந்த இடத்தை இழுக்கவோ உருவவோ வேண்டாம். இருக்கிற நிலையிலேயே ஒரு குச்சியையோ குடையையோ துணையாக வைத்து, துணியால் தளர்வாகக் கட்டுங்கள். காயம் இருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். கால் முறிந்தவரை நடக்க வைக்காதீர்கள். இரண்டு தடிக்கு நடுவில் சாக்கைக் கோர்த்துத் தூக்குங்கள். ஒப்பரேஷன் தேவைப்படலாம் என்பதால் பெரிய முறிவு உள்ளவருக்குச் சாப்பாடு, தேத்தண்ணி கொடுக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பாதை மோசமென்றால் தோட்ட லொறியைக் கேளுங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போனால், தேவைப்பட்டால் அங்கிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ துண்டு எழுதி அனுப்புவார்கள்.

கட்டுப் போட்ட பிறகு வீட்டார் கண் விழித்துப் பார்க்க வேண்டியது விரல்களை. விரல் நீலமானால், வெளுத்துக் குளிர்ந்தால், மரத்துப் போனால், மருந்து போட்டும் வலி ஏறிக்கொண்டே போனால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். கட்டு இறுகி இரத்தம் நின்றிருக்கலாம். சில மணி நேரத் தாமதத்தில் கையையோ காலையோ இழக்க நேரிடும். பிளாஸ்டர் கட்டானாலும் சரி, பத்துப் போட்டு மூங்கில் வைத்துக் கட்டிய கட்டானாலும் சரி, விதி ஒன்றுதான்.

காசில்லாத மருந்துகள்

கரண்டைவிட, ஊசியைவிட நிச்சயமான சில உதவிகள் நம் கையிலேயே இருக்கின்றன.

பீடி, சிகரட்டை நிறுத்துங்கள். வெற்றிலையோடு போடும் போயிலையையும் நிறுத்துங்கள். புகையிலை இரத்தக் குழாயைச் சுருக்கும். எலும்பு கூடத் தாமதமாகும்.

சீனி வியாதி உள்ளவர்கள் சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை விடாதீர்கள்.

"கிரந்தி" என்று சொல்லி முட்டையையும் மீனையும் நிறுத்தாதீர்கள். புது எலும்பு கட்ட உடம்புக்குப் புரதமும் சுண்ணச்சத்தும் வேண்டும். நெத்தலிக் கருவாடு, பருப்பு, கடலை, முருங்கைக் கீரை, முட்டை, பால், இவற்றில் முடிந்ததைக் கொடுங்கள். வெயில் வரும்போது வாசலில் கொஞ்ச நேரம் உட்காரட்டும்.

கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள். பஸ் காசு இல்லை என்று போகாமல் விட்டால், கோணலான எலும்பு கோணலாகவே இறுகும். கட்டுக்கு வெளியே உள்ள விரல்களை வைத்தியர் சொன்னபடி தினமும் அசையுங்கள்.

கேட்க வேண்டிய மூன்று கேள்வி

யாராவது கரண்ட் சிகிச்சையோ அக்குபங்சரோ செய்கிறோம் என்று வந்தால், நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, "என் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தீங்களா, எலும்பு நேரா இருக்கா?" இரண்டு, "நீங்க எங்க படிச்சீங்க, பதிவு இருக்கா?" மூன்று, "எத்தனை நாள், மொத்தம் எவ்வளவு செலவு, எந்த நாள்ல மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பீங்க?" நல்லவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள். "கட்டைக் கழற்றி எறி, ஆஸ்பத்திரிக்குப் போகாதே" என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. வேலை செய்யும்போது விழுந்தால் அன்றைக்கே கணக்கப்பிள்ளையிடம் சொல்லி எழுத்தில் பதிய வையுங்கள். தோட்ட டிஸ்பென்சரித் துண்டு, எக்ஸ்ரே படம், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். வேலையில் ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934-ம் ஆண்டின் 19-ம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. தொழிற்சங்கத் தலைவரிடம் பேசுங்கள். வீட்டில் சோறு பொங்க வழி இருந்தால்தான் அந்த அம்மாவோ அண்ணனோ எலும்பு கூடும்வரை பொறுத்திருப்பார். அந்தப் பொறுமைக்கு வழி செய்து கொடுப்பது குடும்பத்தின் கடமை, அக்கம்பக்கத்து லயத்தாரின் கடமை, தோட்டத்தின் கடமை.